பலகை வாங்கும் முன்

செங்கோட்டை
தை 12

அம்மாடி,

நீ அனுப்பிய வரைபடம் போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு என் போனில் வந்தது. அங்கே அப்போது விடிகாலை மூன்று. ‘தரைக்கு என்ன மரம் போடலாம்ப்பா, 420 சதுர அடி, சீக்கிரம் சொல்லுங்க’ என்று கீழே ஒரு வரி. சொல்ல வேண்டியதை எல்லாம் போனில் தட்ட என் விரலுக்கு வராது. கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் உன் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாக நானே படம் பிடித்து அனுப்புவேன். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடப் போவதில்லை.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கிணற்று மோட்டார் மாற்றியாயிற்று. பொங்கலன்று நீ நாலு நிமிஷம் பேசினாய். அங்கே மைனஸ் இருபத்தாறு என்று குளிரைச் சொல்லியே அதில் ஒரு நிமிஷம் போய்விட்டது. அம்மா போனை வைத்தபிறகும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரி, தரைக்கு வருகிறேன்.

முதலில் அந்த ‘சீக்கிரம்’ என்ற பேச்சை விட்டுவிடு. மரத்திடம் அது நடக்காது. பலகை வந்து இறங்கிய அன்றே போட்டுவிடலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், எந்தக் கான்ட்ராக்டர் சொன்னாலும் தலையாட்டாதே. இதை இந்தக் கடிதத்தில் இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்.

தீபாவளிக்கு உன் சிநேகிதி ஊருக்கு வந்தபோது நாலு துண்டுப் பலகை கொடுத்துவிட்டாயே, சிவப்பு ஓக், வெள்ளை ஓக், ஹிக்கரி, மேப்பிள். மேப்பிளைத் தவிர மற்றது மூன்றும் என் மேசைமேல்தான் இருக்கின்றன. ‘உங்க பொண்ணு என் பெட்டியில ரெண்டு கிலோவை மரத்துக்கே எடுத்துக்கிட்டா அங்கிள்’ என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை ஆசாரி வீடு இருக்கிறது! எந்த ஆசாரி மகள் கனடாவில் வீடு பார்த்துவிட்டு, தரைக்கு எது நல்லது என்று அப்பனுக்குத் துண்டு அனுப்பிக் கேட்டிருக்கிறாள்? மில்லில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்பது வயதில் காவி நூலின் ஒரு முனையை நீ பிடிப்பாய், மறுமுனையை நான் இழுத்துச் சுண்டுவேன். பலகையில் விழுந்த கோட்டைக் குனிந்து பார்த்து, ‘கோணல்ப்பா, மறுபடி அடிங்க’ என்பாய். நீ சொன்னால் கோணலாகத்தான் இருக்கும்.

ஓக் எனக்குப் புதிதில்லை. துபாயில் ஆறு வருஷம் ஜாயினரியில் அதைத்தான் இழைத்தேன். இருந்தாலும் உனக்காக ஒன்று செய்து பார்த்தேன். சிவப்பு ஓக் துண்டில் வரியோடு ஒரு விரல் நீளத்துக்குக் குச்சி பிளந்து, ஒரு முனையைத் தம்ளர் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் வாய் வைத்து ஊதினேன். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. வெள்ளை ஓக்கிலும் அதே அளவுக்குக் குச்சி எடுத்து ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம், ஒரு குமிழ்கூட வரவில்லை. சிவப்பு ஓக்கின் துளைகள் வைக்கோல் தட்டைபோல் திறந்தே கிடக்கும். வெள்ளை ஓக், வைரம் பாயும்போது தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒயினும் விஸ்கியும் ஊறப்போடும் பீப்பாயை வெள்ளை ஓக்கில் செய்வது அதனால்தான். பனி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வரும் ஊரில் இது பெரிய விஷயம்.

ஆனால் வெள்ளை ஓக்கில் துவர்ப்பு அதிகம். ஈரத்தோடு இரும்பு பட்டால் மசிபோல் கறுத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டால் மை ஆகிறதே, அதே சங்கதிதான். இரும்புக்கால் ஸ்டூல், பூந்தொட்டி ஸ்டாண்டு எதையும் ஈரத்தோடு அதன்மேல் வைத்துவிடாதே.

ஹிக்கரி நல்ல கடினம் என்று எழுதியிருந்தாய். கடினம்தான். மரத்தின் கடினத்தை அளக்க ஜங்கா என்பவர் 1906-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். 11.28 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை மரத்தில் பாதி புதையும்வரை அழுத்தி, அதற்கு எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று பார்ப்பது. கடைக்காரர் காட்டும் எண் அதுதான். வால்நட் 1,010, சிவப்பு ஓக் 1,290, வெள்ளை ஓக் 1,360, மேப்பிள் 1,450, ஹிக்கரி 1,820. எண் பெரிதாக இருந்தால் நல்ல மரம் என்று நினைத்துவிடாதே. பாத்திரம் விழுந்தால் எவ்வளவு பள்ளமாகும் என்பதற்குத்தான் அந்த எண். வெயிலுக்கும் குளிருக்கும் மரம் எவ்வளவு அசையும் என்று அது சொல்லாது. ஹிக்கரி நன்றாக அசையும். உன் ஊர்க் காற்றுக்கு அது வேண்டாம்.

அதேபோல் ஹார்ட்வுட் என்ற பெயரைக் கேட்டும் மயங்காதே. அகல இலை மரம் எல்லாவற்றுக்கும் அங்கே அந்தப் பெயர்தான். நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் பால்சாவும் ஹார்ட்வுட். அந்தக் கணக்கில் நம் கொல்லைப்புற முருங்கையும் ஹார்ட்வுட்தான்.

மாப்பிள்ளைக்கு வால்நட் பிடிக்கும் என்று அக்டோபரில் சொன்னாய். அழகான மரம், நான் மறுக்கவில்லை. ஆனால் மெத்தென்ற மரம், நாற்காலிக் கால் பட்டாலே தடம் விழும். வெயில் பட்டால் நிறமும் வெளிறும். இப்போது அவர் என்ன சொல்கிறார் என்று நீ எழுதவில்லை.

தேக்கு கிடைக்குமா என்றும் அப்போது கேட்டாய். தேக்குக்கு இணை தேக்குதான், அசையவே அசையாது. ஆனால் தரைக்கு என்று பார்த்தால் அது ஓக்கைவிட மெத்து. அதில் எண்ணெய் இருப்பதால் பசை பிடிப்பதும் கஷ்டம். இப்போது வருவதில் நிறைய, பதினைந்து இருபது வருஷத்தில் வெட்டிய தோட்டத்துத் தேக்கு. பாதிக்குமேல் வெள்ளைதான் இருக்கும், வைரம் இருக்காது. கல்யாணத்துக்கு முன் நானும் உன் சித்தப்பாவும் நிலம்பூர் போயிருந்தோம். 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி போட்ட தேக்குத் தோட்டத்தில் அந்தக் காலத்து மரங்கள் இன்னும் நிற்கின்றன. உன் சித்தப்பா ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான். கை எட்டவில்லை. நான் அந்தப் பக்கம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

நீ இருக்கும் மண்ணில் விளைந்த மரத்தைப் போடு. கடல் தாண்டி ஒன்றைக் கொண்டுவர வேண்டாம். வெள்ளை ஓக் போடு.

இனி முழுப் பலகையா, ஒட்டுப் பலகையா என்ற கேள்வி. அக்டோபரில் நீ சொன்ன வீடு வேறு. கீழே ஒரு நிலவறை, பின்னால் புல் முளைத்த இடம், மேலே மூன்று அறை. ‘நாங்க பார்த்துட்டோம்ப்பா, ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு’ என்றாய். இப்போது வந்திருக்கும் படத்தில் இரண்டாவது மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, கான்கிரீட் தளம். ஏன் மாறியது என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தளம் கான்கிரீட் என்றால் என் பதிலும் மாறும், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கான்கிரீட்மேல் முக்கால் அங்குல முழுப் பலகை வேண்டாம். ஆணி இறங்காது, அடியில் பிளைவுட் போட்டுத்தான் அடிக்க வேண்டும், தரை உயர்ந்து கதவு இடிக்கும். கான்கிரீட்டிலிருந்து ஈரம் மேலே ஏறவும் செய்யும். இன்ஜினியர்டு என்கிறார்களே, அதுதான் உனக்குச் சரி. மட்டமான சரக்கு என்று நினைக்காதே. மேலே நிஜ ஓக், அடியில் மெல்லிய தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பார்கள். ஒரு தகடு விரியப் பார்த்தால் அடுத்தது இழுத்துப் பிடிக்கும். நீ அனுப்பிய வெள்ளை ஓக் துண்டு அந்த வகைதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் குறுக்கு விளிம்பில் தகடுகளை எண்ணினேன், ஒன்பது. மேல் ஓக் மட்டும் ஒரு நூல் கனம். உனக்கு நூல் கணக்கு மறந்திருக்காது, எட்டு நூல் ஓர் அங்குலம். உங்கள் கணக்கில் மூன்று மில்லிமீட்டர். இருபது வருஷம் கழித்து இழைத்துப் புதிதாகப் பாலிஷ் போடலாம். அரை மில்லிமீட்டர் தோல் ஒட்டியும் விற்கிறார்கள், விலை மலிவாக இருக்கும். உப்புத்தாளை ஒருமுறை ஓட்டினால் அடித்தகடு தெரிந்துவிடும். ‘மேல் மரம் எத்தனை மில்லிமீட்டர்?’ இந்த ஒரு கேள்வியைக் கடையில் கேள். மழுப்பினால் எழுந்து வந்துவிடு.

கீழ்வீட்டில் ஆள் இருப்பார்கள், காலடிச் சத்தம் கேட்கும். அடியில் சத்தம் அடக்கும் விரிப்பு போட வேண்டியிருக்கும். அந்தக் கட்டடச் சங்கத்தாரிடம் முதலில் விதியைக் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுப் பலகைக்குப் பணம் கட்டு. போட்ட தரையைப் பெயர்க்கச் சொல்லிவிட்டார்களானால் தனியாளாக என்ன செய்வாய்?

தனியாள் என்று என் கை எழுதிவிட்டது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

கான்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா என்று நீயே பார்க்கலாம். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடு. மறுநாள் பிரிக்கும்போது அடியில் நீர் கோத்திருந்தாலோ அந்த இடம் கறுத்திருந்தாலோ, போடக்கூடாது, ஆறவிட வேண்டும். மூன்று இடத்தில் இப்படிச் செய். தளம் மட்டமாக இருக்கிறதா என்று பத்தடி நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கச் சொல். ஒன்றரை நூலுக்குமேல் பள்ளம் இருந்தால் நிரப்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழும், முனகும்.

உன் ஊரைப் பற்றி நீ சொன்னதில் எனக்குப் பயமே அந்த உலர்ந்த காற்றுதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும், உதடு வெடிக்கும், கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்றாய். மலையிலிருந்து சினூக் என்று ஒரு காற்று இறங்கினால் ஒரே நாளில் பனி உருகிவிடும் என்றாய். மனுஷனுக்கே அப்படி என்றால் மரம் என்ன செய்யும்? மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் அசையும். காற்று காய்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். ஈரம் ஏறினால் விரிந்து ஒன்றையொன்று நெருக்கும். இங்கே சாரல் காலத்தில் நம் வாசல் கதவு பிடிக்கும், பங்குனியில் தானாகச் சரியாகும், அதே கதைதான். உன் கால்கரியில் அது பத்து மடங்கு. அதனால் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வை. 35-லிருந்து 50-க்குள் நிற்கட்டும். குறைந்தால் ஹ்யூமிடிஃபயர் போடு. கடுங்குளிரில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள். காற்றில் ஈரம் இருப்பது உன் நெஞ்சுச் சளிக்கும் நல்லது. ராத்திரி காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

சுவரோரம் மூன்று நாலு நூல் இடம் விடச் சொல். பணம் கொடுத்துப் போடும் தரையில் சந்து எதற்கு என்று தோன்றும். ஸ்கர்ட்டிங் வந்து மூடிவிடும், வெளியே தெரியாது. துபாயில் ஒரு பெரிய ஹாலில் எங்கள் ஆட்கள் அழகுக்காகச் சுவரோடு நெருக்கிப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் ஆகஸ்டில் ஏசியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் நடுஹாலில் தரை கூடாரம்போல் எழும்பி நிற்கிறது. மரத்துக்கு நகர இடம் இல்லையென்றால் அது எழும்பத்தான் செய்யும்.

பெட்டிகள் வந்ததும் வீட்டுக்குள் நாலைந்து நாள் சும்மா கிடக்கட்டும். வெளி வராந்தாவில் வைக்காதே. பெட்டியைப் பிரித்து வைப்பதா, மூடியே வைப்பதா என்று அதிலேயே எழுதியிருக்கும், அதன்படி செய். மரம் உன் வீட்டுக் காற்றைக் குடித்துப் பழகட்டும். அவசரப்படாதே அம்மாடி. சொல்கிறேனே என்று கோபிக்காதே. அவசரப்பட்டவன் சொல்கிறேன்.

1993-ல், நீ நடைவண்டி தள்ளிக்கொண்டிருந்த வயதில், குன்னூரில் ஒரு பங்களாவில் தரைவேலை எடுத்தேன். ஹால் மட்டும் 24-க்கு 18. பழைய தரையைப் பெயர்த்துவிட்டு வெண்தேக்குப் பலகை போட வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து வருவதால் மார்கழிக்குள் முடிய வேண்டும் என்றார் வீட்டுக்காரர். அட்வான்ஸ் வாங்கினேன். அதே வாரம் இந்த மனை விலைக்கு வந்தது. அட்வான்ஸை அப்படியே இதற்குக் கொடுத்துப் பத்திரம் எழுதினேன். காய்ந்த மரம் வாங்கக் கையில் காசு இல்லை. மலைக்குக் கீழே ஒரு மில்லில் புதிதாக அறுத்த பலகை மலிவாகக் கிடைத்தது. நான்தான் போனேன். நான்தான் பேரம் பேசி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

உன் சித்தப்பா முதல் பலகையை இழைத்தான். காய்ந்த மரம் என்றால் சுருள் மொறமொறவென்று இழைப்புளியிலிருந்து எழுந்து வரும். இது வரவில்லை. நனைந்த துணிபோல் வாயில் அடைத்துக்கொண்டது. அதை விரலால் இழுத்தெடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். சில்லென்று இருந்தது. ‘ஈரம்ணே. நடுவுல ரீப்பர் கட்டை கொடுத்து அட்டி அடுக்கி ரெண்டு மாசம் காயவைப்போம். வீட்டுக்காரர்கிட்ட நான் பேசுறேன்’ என்றான். ‘நீ யார்கிட்டயும் பேச வேண்டாம், வேலையைப் பாரு’ என்றேன்.

ஐப்பசி மழையில் போட்டு முடித்தோம். பாலிஷ் போட்டபிறகு பார்த்தால் எங்கே பலகை முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது, அப்படி ஒரு தரை. வீட்டுக்காரர் எனக்குக் கைகொடுத்தார். மீதிப் பணத்தோடு தனியாக நூறு ரூபாயும் கொடுத்தார்.

மாசியில் ஆள் அனுப்பினார். மழை நின்று, கணப்பில் தினமும் நெருப்புப் போட்டு, ஹால் முழுக்கக் காய்ந்து கிடந்தது. பலகைக்குப் பலகை சந்து. ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. அவர் ஒன்றும் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து எட்டணா காசு ஒன்றை எடுத்துச் சந்தில் நிறுத்தி விட்டார். அது உள்ளே போய்விட்டது. அடியில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு, ‘மரம் யார் வாங்கினது?’ என்றார்.

‘தம்பி சார்’ என்றேன்.

அவன் வாசற்படியில் சாமான் பையோடு நின்றான். கேட்டுக்கொண்டுதான் நின்றான். வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அதற்கப்புறம் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அவனுக்கு ஒருவரும் வேலை தரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், ‘தம்பியைக் கூட்டி வராதே’ என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் போனேன். சித்திரையில் அவன் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவன் இழைப்புளியை என் பையிலேயே விட்டுவிட்டுப் போனான். துபாயில் ஆறு வருஷம் நான் இழைத்தது அந்த இழைப்புளியை வைத்துத்தான். இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கைபட்டுக் கைபட்டுப் பிடி அவன் கைக்குத் தேய்ந்திருந்தது. இப்போது என் கைக்குத் தேய்ந்திருக்கிறது.

பத்தாவது படிக்கும்போது நீ கேட்டாய், சித்தப்பா ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லை என்று. அவனுக்கு நம்மேல் பொறாமை என்றேன். அது பொய். உன் நடைவண்டியை அவன் செய்தான். அதன் சக்கரத்துக்குப் பூவரசு தேடி மூன்று ஊர் அலைந்தான். உன் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் போனான். அன்றும் நான் மண்டபத்து வாசலுக்குப் போகவில்லை.

உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. மாசியில் அந்த ஹாலில் நின்று, ‘நான்தான் சார் ஈரமரம் வாங்கினேன், பெயர்த்துவிட்டு மறுபடி போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு வருஷம் கடனில் கழிந்திருக்கும். அவ்வளவுதான். பெயர்த்துப் போட முடியாத தரை என்று ஒன்று கிடையாது. இது எனக்கு அப்போதே தெரியும், ஆசாரிக்குத் தெரியாதா? தெரிந்தும் வாய் வரவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் உனக்கும் ஊட்டி வளர்த்தேன். நீ மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, வேலைக்குப் போனபோது, கல்யாணத்தின்போது, எல்லாவற்றுக்கும் ‘ஊர் என்ன சொல்லும்’ என்றேன்.

உன் பக்கம் ஏதோ தவறு என்று நான் சொல்வதாக நினைக்காதே. எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொன்னால் தெரிந்துகொள்வேன், சொல்லாவிட்டாலும் சரி. ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதற்காக ஒன்றையும் மூடிவைக்க வேண்டாம்.

மேப்பிள் துண்டின் பின்பக்கம் உன் கையால் ‘குட்டி ரூம்’ என்று எழுதியிருந்தாய். சிவப்பு ஓக்கின் பின்னால் ‘ஹால்’, வெள்ளை ஓக்கின் பின்னால் ‘எங்க ரூம்’. இப்போது வந்த படத்தில் குட்டி ரூம் இல்லை. அந்தத் துண்டை மட்டும் அம்மா கண்ணில் படாமல் இழைப்புளியோடு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மறுபடி தரை வேலைப் பேச்சுக்கு வருகிறேன். 420 சதுர அடி என்றால் 460-க்கு வாங்கு. வெட்டும்போது சேதாரம் போகும், மிச்சத்தில் ஒரு பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வை. பின்னால் ஒரு பலகை கெட்டால் அதே வரி, அதே நிறம் கடையில் கிடைக்காது. பளபளப்பு வேண்டாம், மங்கல் பாலிஷே போதும், கீறல் தெரியாது. கறுப்பாகச் சாயம் ஏற்றியதை எடுக்காதே, ஒரு தூசு விழுந்தாலும் காட்டும். ரோட்டில் பனிக்காக மணலும் உப்பும் கொட்டுகிறார்கள் என்றாயே, அதை உள்ளே கொண்டுவராதே. தரைக்கு எமன் மணல்தான். செருப்பை வாசலிலேயே கழற்றும் நம் பழக்கத்தை விடாதே. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, பிழிந்த துணி போதும். நாற்காலிக் காலுக்கெல்லாம் ஃபெல்ட் ஒட்டு. பலகையை ஜன்னல் வெளிச்சம் விழும் போக்கிலேயே போடச் சொல், இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. குறுக்கு இணைப்புகள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் அரை அடிக்குள் வரக் கூடாது.

பணம் எவ்வளவு ஆகும் என்று நீ சொல்லவில்லை. மாடி கட்ட வைத்திருந்தது பாங்கில் சும்மாதான் கிடக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கு மாடி எதற்கு? அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். அவளாகத்தான் சொன்னாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பாஸ்போர்ட்டும் அவள் பாஸ்போர்ட்டும் இன்னும் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். முட்டி போட்டு உட்கார எனக்கு முன்புபோல் முடியாது. ஆனால் ரசமட்டம் பிடிக்க முடியும், நூல் பிடிக்க முடியும். கோணலாக இருந்தால் நீ சொல்வாய்.

வியாழக்கிழமை திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறேன். அவன் கதவைத் திறப்பானோ இல்லையோ தெரியாது. இழைப்புளியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுது. பெட்டிகள் வந்து இறங்கினால் ஒரு படம் எடுத்து அனுப்பு. ராத்திரி மூன்று மணியானாலும் பரவாயில்லை, இங்கே அது பகல்தான். நான் விழித்துத்தான் இருப்பேன். கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அப்பா